ரூபியின் கால்கள்

காலைத் தூக்குங்கம்மான்னு துடைக்கிற பொண்ணு மாப்போட வந்து நின்னதும் வரிசையில இருந்த எல்லாரும் தூக்கிட்டோம், வேட்டி கட்டின பெரியவர் ஒருத்தர், அவரைக் கூட்டிட்டு வந்த மருமக, நான், எனக்குப் பக்கத்துல என் மக சங்கரி. மத்தவங்க ஒரு சாண் தூக்கினாங்க, நான் மட்டும் முழங்காலை நெஞ்சுக்கிட்ட மடக்கி நாற்காலி மேலேயே வச்சிட்டேன், அறுபத்தொம்பது வயசுல, சேலையை இடுக்கிக்கிட்டு. எப்படி மடங்குச்சுன்னு எனக்கே தெரியலை, காலையில பாத்ரூம் படி இறங்கும்போது அந்த முழங்கால் அவ்வளவு முனகுச்சு. சங்கரி திரும்பிப் பார்த்தா. ரெண்டு வாரமா அவகிட்ட ஒரு பார்வை இருக்கு, காய்ச்சல்காரப் பிள்ளை நெத்தியில கை வைக்கிற பார்வை, கை மட்டும் வைக்க மாட்டா. இவ்வளவு தூக்க வேண்டாம்மான்னு மெதுவாச் சொன்னா. எனக்குத் தெரியாதா. அந்த வார்த்தையைக் கேட்டா என் காலு தானாப் போகுது, நான் என்ன செய்ய, அம்பது வருஷத்துக்கு முன்னாடி பழகின பழக்கம், மூளை மறந்தாலும் காலு மறக்கலை. அய்யோ, மூளை மறந்தாலும்னு இங்கே வச்சு நினைக்கலாமா. இந்த இடத்துல நினைக்கக் கூடாத வார்த்தை அது ஒண்ணுதான். கீழே பினாயில் வாசம், தரை இன்னும் ஈரமா இருக்கு, நான் காலை மெல்ல இறக்கி செருப்புக்குள்ள விட்டுக்கிட்டேன்.

இன்னைக்கு செவ்வாய்க்கிழமை. இது சென்னை, நாலாவது மாடி, நரம்பு டாக்டர். நூறுல ஏழு போனா தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு, எழுபத்தொம்பது, எழுபத்திரண்டு. இதைத்தான் கேட்பாங்க. முப்பது வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவகிட்ட இதைக் கேட்கிறதுன்னா சமையல்காரிகிட்ட உப்பு எது சர்க்கரை எதுன்னு கேட்கிற கதைதான், ஆனாலும் நேத்து ராத்திரி படுக்கையில சொல்லிப் பார்த்தேன், ஒரு தடவை அறுபத்தஞ்சுல நின்னுட்டேன், நின்னது தூக்கத்துலயா தெரியலை. என்ன கேட்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்னா, எங்க அம்மாவை இதே மாதிரி ஒரு டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். இன்னைக்கு என்ன கிழமைன்னு கேட்டதுக்கு எங்க அம்மா, ஏன் டாக்டர், உங்க வீட்டுல காலண்டர் இல்லையான்னு கேட்டா. ரூமே சிரிச்சுச்சு, நானும் சிரிச்சேன், அந்த டாக்டர் மட்டும் சிரிக்காம எழுதிக்கிட்டார். அப்புறம் நாலு வருஷம். கடைசியில என்னைப் பார்த்து, டீச்சர் எப்போ வந்தீக, காபி குடிச்சீகளான்னு கேட்பா. நான் குடிச்சேம்மான்னு சொல்வேன். உன் மகதான்மான்னு சொன்னா பயந்துடுவா, அதனால டீச்சராவே இருந்துட்டேன். இப்போ இந்த டாக்டர் எனக்கும் அதேதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா பாளையங்கோட்டை வீட்டுக்குப் பூட்டு. சங்கரி அதை வாய்விட்டுச் சொல்லலை, அவளுக்கு அந்தக் கெட்ட மனசு கிடையாது, ஆனா அவ வீட்டுல பன்னிரண்டாவது மாடியில கிழக்கு ரூமைக் காலி பண்ணிப் புதுசா மெத்தை போட்டிருக்கா, குளியலறையில பிடிச்சுக்கக் கம்பி மாட்டியாச்சு. கம்பியைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு. என் வீட்டுச் சாவி என் பர்ஸ்லதான் இருக்கு, காலையிலேருந்து நாலு தடவை தொட்டுப் பார்த்துட்டேன். வாசல்ல முருங்கை, அடுக்களை ஜன்னல்ல நான் நிக்கிற உயரத்துக்கு நானே வச்ச பலகை, கணக்குச் சொல்லித்தரக் கேட்டு வர்ற பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க. நான் தனியா இருக்கேன்னு எல்லாரும் சொல்றாங்க, நான் ஒரு நாளும் அங்கே தனியா இருந்ததா நினைச்சதில்லை. என்னால அந்த வீட்டை விட முடியாது. அவ்வளவுதான்.

எல்லாத்துக்கும் அந்த மால்தான் காரணம். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி பேத்தி நேத்ராவுக்குப் பிறந்தநாள், அதுக்குத்தான் சென்னைக்கு வந்தேன், கேக் வெட்டினா போதும்னு இல்லாம பௌலிங் விளையாடணுமாம், இருட்டும் நீல வெளிச்சமும் காது கிழியற பாட்டுமா ஒரு இடம். செருப்பைக் கழட்டச் சொல்லி யாரோ போட்ட ஷூவைக் குடுத்தாங்க. பாட்டி நீயும் போடுன்னு பந்தைத் தூக்கி என் கையில வச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு, இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், நான் இதை விளையாடும்போது இவ அம்மாவே பிறக்கலை. மூணு ஓட்டை, மூணு விரல். மணிக்கட்டு அப்படியே பழைய பாரத்தைக் கண்டுபிடிச்சுச்சு. போய்க் கோட்டுல நின்னேன். எதிரே பத்துக் கட்டை வெள்ளையா நின்னுது. நான் பந்தை விடலை. நின்னேன். பின்னாடி வரிசையில நின்ன பையங்க உஸ்ஸுன்னாங்க, நேத்ரா பாட்டி போடு போடுன்னா, நான் நின்னுக்கிட்டே இருந்தேன், அப்புறம் சத்தமா, அந்தப் பாட்டுக்கும் மேலே கேட்கிற அளவுக்கு, "ஏட்டி ரூபி, காலத் தூக்கு"ன்னேன். பந்தைக் கீழே வச்சிட்டு வந்து உட்கார்ந்துட்டேன். நேத்ரா விழுந்து விழுந்து சிரிச்சா. சங்கரி சிரிக்கலை. ராத்திரி கேட்டா, யாரும்மா ரூபின்னு. காலேஜ்ல என் ரூம்காரி, அங்கே நாங்க பந்து விளையாடுவோம், பழைய ஞாபகம் வந்துச்சு, அவ்வளவுதான்னேன். காலேஜ்ல பௌலிங்கா, எழுபத்தஞ்சுலயா, மதுரைப் பக்கத்துலயான்னா. ஆமான்னேன். நம்பலைன்னு அவ மூஞ்சியே சொல்லுச்சு. அவளைக் குத்தம் சொல்ல முடியுமா. ஞாபகம் வந்துச்சு, அவ்வளவுதான். அவ்வளவுதானா. அவ்வளவுதான்.

இருந்துச்சு, சத்தியமா இருந்துச்சு. பொம்பளப் பிள்ளைங்க ஹாஸ்டலுக்குப் பின்னாடி நீளமா ஒரு கொட்டகை, முன்னாடி நூல் மூட்டை அடுக்கி வச்சிருந்த இடமாம், தகரக் கூரை. வார்டன் மிஸ் கார்வர் அமெரிக்காக்காரி, மெலிஞ்ச உடம்பு, கதர்ச் சேலையைப் பின் குத்திக் கட்டுவா, தமிழ் பேசினா பைபிள் வாசிக்கிற மாதிரியே இருக்கும், பிள்ளைகளே எழுந்திருங்கள் என்பா. அவ ஊர்ல குளிர்காலத்துல இதுதான் விளையாட்டாம். வெயில்ல வாடிக் கிடக்கிற எங்களைப் பார்த்து அவளுக்கு என்ன தோணுச்சோ, ஊர்லேருந்து ரெண்டு பந்து கப்பல்ல வரவழைச்சா. மிச்சமெல்லாம் உள்ளூர் வேலை. பலகையைத் தரையில பதிக்கத் தெரியாம ஆசாரி மேடை போடுற மாதிரி சட்டம் அடிச்சு அதுக்கு மேல பலகை பரப்பிட்டான், அடியில ஒரே வெத்திடம். கட்டைகளைக் கடைஞ்சது கட்டில் கால் கடையறவர், அவருக்குத் தெரிஞ்ச வடிவம் அதுதான், அதனால எங்க கட்டை பத்தும் கட்டில் காலேதான், இடுப்புல ரெண்டு வளையம் கூட உண்டு. மிஸ் கார்வர் அதைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, அழகாயிருக்கிறது என்றா, பாவம். பந்து உருண்டா அடியில வெத்திடம், மேலே தகரம், கொட்டகை பூரா அதிரும், பக்கத்துல நிக்கிறவ பேசினா வாய் அசையறது மட்டும்தான் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் மட்டும்தான் திறப்பா. விழுந்த கட்டையை நிறுத்த மெஷினா இருக்கு, தோத்தவதான் அடுத்த ஆட்டத்துக்குக் கட்டை நிறுத்தணும், அது எங்க சட்டம். கடைசிச் சுவர்ல இடுப்பு உயரத்துக்கு ஒரு திண்டு, அதுல ஏறி உட்கார்ந்துக்கணும். தெறிக்கிற கட்டை மூஞ்சியில அடிக்காம இருக்க முன்னாடி கோணிச் சாக்கைத் தைச்சுத் தொங்க விட்டிருந்தோம், அதனால இந்தப் பக்கம் நிக்கிறவளுக்கு அவ மூஞ்சி தெரியாது, சாக்குக்குக் கீழே தொங்கற ரெண்டு கால்தான் தெரியும். கட்டையை நிறுத்திட்டு ஏறி உட்கார்ந்து காலை மடக்கித் திண்டு மேல வச்சுக்குவா. கால் மறைஞ்சா பந்து விடலாம். கால் தெரிஞ்சா விடக் கூடாது, உயிரே போனாலும் விடக் கூடாது. பயந்து செஞ்ச சட்டம் அது, முதல் மாசமே ஒரு சீனியர் அக்கா பார்க்காம விட்ட பந்துல ரூபியோட வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்துப் போச்சு, அது கடைசி வரைக்கும் வெளுக்கவே இல்லை.

ரூபி ஞானசெல்வி, நாசரேத்துக்காரி, அப்பா கோயில்ல ஆர்மோனியம் வாசிக்கிறவர். எப்பவும் அவதான் தோப்பா. நான் ஜெயிச்சேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன், அப்புறம்தான் தெரிஞ்சுது, சாக்குக்குப் பின்னாடி குளுகுளுன்னு இருக்குமாம், யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்களாம், அங்கே உட்கார்ந்து உப்பு போட்ட நெல்லிக்காயைக் கடிச்சுக்கிட்டு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படிப்பா. படிப்புல மூழ்கிட்டா காலைத் தூக்க மறந்துடுவா. கட்டையெல்லாம் நின்னு நிமிஷமாகும், நான் பந்தோட நிப்பேன், அவ கால் ரெண்டும் ஆடிக்கிட்டே இருக்கும், ஒரு கால்ல வெள்ளிக் கொலுசு, இன்னொண்ணுல அறுந்து போய் நூல் கட்டியிருப்பா. ஏட்டி ரூபி, காலத் தூக்குன்னு நான் கத்துவேன். பொறுட்டி, ஒரு பாராதான் மிச்சம்னு சாக்கு பேசும். ஒரு வாழ்நாள்ல நான் அதிகமாச் சொன்ன வாக்கியம் எதுன்னு கேட்டா இதுவாத்தான் இருக்கும், பிள்ளைங்களை உட்காருன்னு சொன்னதுக்கு அடுத்தபடி. எனக்கு யாரோட மூஞ்சியும் அவ்வளவு ஞாபகம் இல்லை, என் வீட்டுக்காரர் இவர் போய் ஒன்பது வருஷமாச்சு, படத்தைப் பார்த்தாத்தான் இவர் மூக்கே எனக்கு ஞாபகம் வருது, ஆனா அந்தக் கால் ரெண்டும் அப்படியே இருக்கு. எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும். எங்க ரிசல்ட்டுக்கு முன்னாடியே மிஸ் கார்வர் லீவுல ஊருக்குப் போனவ திரும்பலை. புது வார்டன் வந்து, பொம்பளப் பிள்ளைகளுக்கு இதென்ன கூத்துன்னு பலகையைப் பேத்துச் சாப்பாட்டு மேசை பண்ணிட்டா. கட்டை எல்லாம் அடுப்புக்குப் போச்சு. ரூபியும் போய்ட்டா, அது ரொம்பப் பின்னாடி, மார்புல கட்டி, தூத்துக்குடி ஆஸ்பத்திரியில. நான் போய்ப் பார்த்தப்போ போர்வைக்கு வெளியே கால் தெரிஞ்சுது, வீங்கியிருந்துச்சு, நான் அதையே பார்த்துக்கிட்டு நின்னேன், அவதான் என்னட்டி, தூக்கணுமான்னு கேட்டா.

இப்போ சொல்லுங்க, இதையெல்லாம் நான் எங்கேருந்து கற்பனை பண்ணுவேன். ஆனா எங்க வகுப்பு வாட்ஸ்அப் குரூப்ல நம்ம காலேஜ் பௌலிங் ஞாபகம் இருக்கான்னு நான் போட்டதும் ஒரே சிரிப்புப் பொம்மைகளா வந்து கொட்டுச்சு. மேடம் ஏதோ இங்கிலீஷ் படம் பார்த்திருக்காங்கன்னு ஒருத்தர். நான் மூணு வருஷம் ஸ்டூடண்ட் செகரட்டரி, எனக்குத் தெரியாம ஒரு ஊசி உள்ளே வந்திருக்காதுன்னு இன்னொருத்தர், அவருக்கு அப்பவே அந்த வாய். அவங்களுக்கு எப்படித் தெரியும், சொல்லக் கூடாதுன்னுதானே எங்களுக்குள்ள பேச்சு. ஆம்பளப் பிள்ளைங்க ஹாஸ்டல் சுவருக்கு அந்தப் பக்கம், தெரிஞ்சா எட்டிப் பார்ப்பாங்க, சபைப் பெரியவங்க காதுக்குப் போகும், மறுநாளே மூடிடுவாங்க. யாராச்சும் கேட்டா துணி துவைக்கிறோம்னு சொல்வோம். எங்க வகுப்புல பொண்ணுங்க மொத்தம் நாலு பேர். ஹபீபா டவுன்லேருந்து வந்து போறவ. பிரேமகுமாரி ஹாஸ்டல்தான், ஆனா வெள்ளிக்கிழமை மணி அடிச்சதும் விருதுநகர் பஸ் ஏறிடுவா, திங்கக்கிழமைதான் வருவா, கொட்டகையைப் பத்திக் கேட்டா எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லையே செண்பகம்னு எழுதறா, சுத்தி வளைச்சு, நோகாம, சங்கரி மாதிரியே. மிச்சம் ரூபி. மத்த வகுப்புப் பிள்ளைங்க எங்கே இருக்காங்களோ. போன தடவை காலேஜுக்குப் போனப்போ பார்த்தேன், கொட்டகை இருந்த இடத்துல வண்டி நிறுத்தற ஷெட், சிமெண்ட் தரை, ஒரு ஆணி கூட மிச்சம் இல்லை. அப்போ, இருந்துச்சுன்னு சொல்ல உலகத்துல நான் ஒருத்திதான் இருக்கேன். இதுதான் ராத்திரி என்னைப் புரட்டுது. அம்மாவும் இப்படித்தானே சொன்னா, கிணத்தடியில ஒரு மயில் வளர்த்தோம்னு, நாங்க மயிலே வளர்த்ததில்லை, அவ அதோட கொண்டையைக் கூட வர்ணிப்பா. கட்டில் காலுல வளையம்னு நான் சொல்றேனே, அது அந்த மயில் கொண்டையா இருந்தா? எழுபத்திரண்டு, அறுபத்தஞ்சு, அறுபத்தஞ்சு, அம்பத்தெட்டு. வந்துடுச்சு. வேட்டிப் பெரியவரை உள்ளே கூப்பிட்டாங்க, மருமக கையைப் பிடிச்சுக்கிட்டா, அவர் சின்னப் பிள்ளையாட்டம் திரும்பி எங்களைப் பார்த்துட்டே போனார். அடுத்தது நான்.

பைக்குள்ள போன் அதிர்ந்துச்சு. குரூப்லதான், எழுத்து இல்லை, குரல். தங்கப்பாண்டின்னு பேர் இருந்துச்சு, யாருன்னு ஒரு நிமிஷம் பிடிபடலை, அப்புறம் வந்துச்சு, அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பையன், கடைசி பெஞ்ச், மூணு வருஷத்துல என்கிட்ட மூணு வார்த்தை பேசினதில்லை. கிண்டல் பண்ண இவனும் வந்துட்டானான்னு காதுல வச்சேன். "செண்பகவல்லியம்மா, நான் தங்கப்பாண்டி. கண்ணு ஆபரேஷன் ஆகியிருக்கு, எழுத வரலை, அதான் பேசறேன். பந்து விளையாட்டெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, நான் அந்தப் பக்கமே வந்தவன் இல்லை. ஆனா ஒண்ணு. சனிக்கிழமை மத்தியானமானா உங்க ஹாஸ்டல் பக்கம் இடி இடிக்கும். நான் சோத்துல கையை வச்சவன் அப்படியே எந்திரிச்சு வெளியே ஓடிப் பார்ப்பேன், வானத்துல பொட்டு மேகம் இருக்காது. அந்த வருஷம் எங்க மானாவாரி பூராவும் காஞ்சு கிடந்துச்சு. இங்கே இடி இடிக்குது, அங்கே மழை உண்டான்னு அப்பாவுக்குக் கார்டு போட்டேன், படிக்கிற வேலையைப் பாருலேன்னு பதில் வந்துச்சு. இத்தனை வருஷமா அது என்ன இடின்னு எனக்கு விளங்கலை. நீங்கதானாம்மா அது?" நான் போனைக் காதுலேருந்து எடுக்கவே இல்லை. அழுகை வந்துடுச்சு, அடக்கலை, எதுக்கு அடக்கணும். என்னம்மா என்னம்மான்னு சங்கரி பதறினா, அவ கையில போனைக் குடுத்தேன். அவ கேட்டா. மறுபடியும் போட்டுக் கேட்டா. அவ மூஞ்சி கொஞ்சம் கொஞ்சமா, அந்த ரெண்டு வாரப் பார்வை போய், என் பிள்ளை மூஞ்சியா ஆச்சு. என் தோள்ல சாஞ்சு சிரிச்சா, அவ கண்ணுலயும் தண்ணி. நம்பாம இருந்துட்டேம்மா, மன்னிச்சுக்கோன்னா. டோக்கனைத் திருப்பிக் குடுத்துடறேன், வா வீட்டுக்குப் போகலாம், நாளைக்கே நெல்லை எக்ஸ்பிரஸ்ல உனக்கு டிக்கெட் போடறேன்னு எந்திரிச்சுட்டா.

போயிருக்கலாம். சாவி பர்ஸ்ல இருக்கு. முருங்கை பூ விட்டிருக்கும். இதுக்குத்தானே ரெண்டு வாரமா மனசுக்குள்ள வாதாடினேன், ஜெயிச்சும் ஆச்சு, எந்திரிச்சு நடக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனா எந்திரிக்க முடியலை. கொட்டகை நிஜமான்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்த வரைக்கும் அது ஒண்ணுதான் கேள்வின்னு நானே என்னை நம்ப வச்சிருந்தேன். இப்போ கொட்டகை நிஜம், இடி நிஜம், ஒரு ஆள் சோத்துல வச்ச கையோட ஓடி வந்து பார்த்திருக்கான். அப்போ மிச்சம் நிக்கிறது இன்னொண்ணு. அதை நான் யார்கிட்டயும் சொல்லலை, எனக்கே சொல்லிக்கலை, அவ்வளவுதான் அவ்வளவுதான்னு மூடி மூடி வச்சிருந்தேன். அம்மாவுக்கு முதல் தடவை அப்படி ஆனப்போ அவளும் இப்படித்தான் மூடி வச்சிருப்பாளோ, தனியா, அடுக்களையில நின்னுக்கிட்டு, எத்தனை நாள் பயந்தாளோ, நாங்க சிரிச்சுக்கிட்டிருந்தோம்.

"உட்காரு சங்கரி"ன்னேன். உட்கார்ந்தா. "அன்னைக்கு மால்ல எனக்கு ரூபி ஞாபகம் வரலை. ரூபி அங்கே இருந்தா. கட்டைக்குப் பின்னாடி ரெண்டு கால் தொங்குச்சு, நான் பார்த்தேன். ஒண்ணுல கொலுசு, ஒண்ணுல நூல். நகம் கறுத்திருந்துச்சு. இப்போ உன்னைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். நான் பந்தை விட்டிருந்தா அவ மேல பட்டிருக்கும்."

சொன்னதும் உடம்பு லேசாச்சு, கூடவே பயமும் நிஜமாச்சு, ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு. சங்கரி திரும்பவும் அந்தப் பார்வை பார்ப்பான்னு காத்திருந்தேன், பார்க்கலை. என் முழங்கால் மேல கையை வச்சா, ரெண்டு வாரமா வைக்காத கை. சின்ன வயசுல கதை பாதியில நின்னா கேட்பாளே, அதே குரல்ல கேட்டா.

"காலைத் தூக்கினாங்களாம்மா?"

"இல்லட்டி. ஆட்டிக்கிட்டே இருந்தா."

கதவு திறந்துச்சு, வேட்டிப் பெரியவர் வெளியே வந்தார், உள்ளேயிருந்து செண்பகவல்லின்னு கூப்பிட்டாங்க. நடுவுல நீ எடுத்துக் குடுக்கக் கூடாது, கிழமை, கணக்கு, அந்த ரெண்டு கால், எல்லாம் நானே சொல்லிக்கிறேன்னு சங்கரிகிட்டச் சொல்லிட்டு எந்திரிச்சேன்.